பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளில் மண்டையோடும் மணற்கடிகாரமும்: இவற்றின் பொருள் என்ன?

கேள்வி: அலையாத்தி

அனைவருக்கும் வணக்கம். நான் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். எங்கள் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்களை அண்மையில் பழவேற்காட்டில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். வாயிலின் இருபுறமும் செதுக்கப்பட்டிருக்கும் இரண்டு எலும்புக்கூடுகளைப் பார்த்ததுமே பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே கிடக்கும் கருங்கற்பலகைகளில் மண்டையோடு, அதன் கீழே குறுக்காக வைக்கப்பட்ட இரண்டு எலும்புகள், இடை ஒடுங்கிய மணற்கடிகாரம், கேடயத்தின் மேல் அமர்ந்த தலைக்கவசம் முதலிய உருவங்களையும் கண்டோம்.

அங்கே சந்தித்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், அவை கடற்கொள்ளையரின் சமாதிகள் என்றும், மண்டையோடு அவர்களுடைய கொடி என்றும் உறுதியாகச் சொன்னார். ஒரு மாணவி, மின்மாற்றியில் தொங்கும் அபாயப் பலகையிலும் இதே படம் இருக்கிறதே, இவர்கள் ஏதாவது கொள்ளைநோயில் இறந்தவர்களா, அதனால்தான் யாரும் அருகில் வரக்கூடாது என்று எச்சரிக்கிறார்களா என்று கேட்டாள். இரண்டுக்குமே என்னால் திருப்தியான விடை சொல்ல முடியவில்லை. இன்னொரு ஐயமும் எனக்கு எழுந்தது. இறந்தவர்கள் கிறிஸ்தவர்கள் என்றால் நான் பார்த்த பழைய கற்களில் சிலுவையையே காணவில்லையே, அது ஏன்?

இந்தச் சின்னங்கள் புதைக்கப்பட்டவரின் தொழிலையோ, அவர் இறந்த விதத்தையோ குறிக்கின்றனவா என்று அறிந்தவர்கள் விளக்கினால், அடுத்த மன்றக் கூட்டத்தில் மாணவர்களுக்குச் சரியாக எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

மறுமொழி: பழங்கல்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதலில் கடற்கொள்ளையர் கதையை ஒதுக்கிவிடலாம். ஆண்டுகளே அதற்கு இடம் தரவில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பியது 1613ஆம் ஆண்டில். சோழமண்டலக் கரையில் இருந்த டச்சு வணிக நிலையங்கள் அனைத்துக்கும் அதுவே தலைமையிடம். 1690இல்தான் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறியது. நீங்கள் பார்த்த கற்களில் மிகப் பழையவை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மண்டையோட்டைக் கொடியில் ஏற்றிய கொள்ளையரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தொடக்ககாலச் செய்தி 1700ஆம் ஆண்டுக்கு உரியது. இமானுவேல் வின் என்ற பிரெஞ்சுக் கொள்ளையன் கேப் வெர்டே தீவுகளின் அருகே ஓர் ஆங்கிலப் போர்க்கப்பலிடமிருந்து தப்பியபோது, அவனுடைய கறுப்புக் கொடியில் மண்டையோடும் குறுக்கெலும்புகளும் மணற்கடிகாரமும் இருந்ததாக அந்தக் கப்பலின் தலைவர் பதிவு செய்திருக்கிறார். மூன்றும் உங்கள் மாணவர்கள் கல்லில் பார்த்தவையே என்பதைக் கவனியுங்கள். சாவை நினைவூட்ட ஐரோப்பியக் கல்லறைகளில் பல தலைமுறைகளாக இருந்துவந்த சின்னங்களை எடுத்துத்தான் கொள்ளையர்கள் பிறரை அச்சுறுத்தினார்கள். கல்லறையிலிருந்து கொடிக்குப் போன சின்னம் அது. கொடியிலிருந்து கல்லறைக்கு வந்தது அன்று.

அந்த மாணவியின் கேள்வி மிக நல்ல கேள்வி. நஞ்சுப் புட்டியிலும் மின்மாற்றியிலும் இச்சின்னம் ஏறியது பின்னாளில்தான். 17ஆம் நூற்றாண்டில் அதைப் பார்த்த ஒரு டச்சுக்காரருக்கு "விலகிப் போ" என்று தோன்றியிருக்காது. "நின்று பார், நீயும் ஒரு நாள் இப்படித்தான் ஆவாய்" என்றே தோன்றியிருக்கும். சாவை மறவாதே என்று பொருள்படும் இலத்தீன் தொடரான "மெமென்டோ மோரி" என்பதைச் சொல்லி இந்தச் சிந்தனையைக் குறிப்பார்கள். இறந்தவர் வணிகரா, படைத்தலைவரா, ஒரு வயதுக் குழந்தையா என்பதோடு அந்த மண்டையோட்டுக்குத் தொடர்பில்லை. எல்லாருக்கும் ஒரே மண்டையோடுதான். எனவே இறந்த விதத்தையும் அது குறிக்கவில்லை.

மணற்கடிகாரம் அன்றைய மக்களுக்கு நன்கு பழகிய பொருள். கப்பலில் காவல் நேரத்தை அதை வைத்துத்தான் அளந்தார்கள். டச்சுக்காரர்கள் சார்ந்திருந்த சீர்திருத்தத் திருச்சபையின் கோயில்களில் பிரசங்க மேடையின் அருகேயும் மணற்கடிகாரம் இருப்பது வழக்கம். போதகர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதைச் சபையே பார்த்துக்கொண்டிருக்கும். ஞாயிறுதோறும் கண்முன் மணல் ஒழுகுவதைப் பார்த்த சமூகத்துக்குக் கல்லறையில் அதே கருவியைக் கண்டால் விளக்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. சில இடங்களில் மணற்கடிகாரத்துக்கு இரண்டு சிறகுகள் இருக்கும். காலம் பறந்துவிட்டது என்பது அதன் பொருள்.

சிலுவை இல்லாததற்குக் காரணம் சமயப் பூசல். டச்சுக் கம்பெனியின் அதிகாரப்பூர்வச் சபை கால்வின் என்ற சமயச் சீர்திருத்தவாதியின் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபை. கோயிலில் உருவங்களை வைப்பதே விக்கிரக வழிபாடு என்று கருதியவர்கள் அவர்கள். 1566ஆம் ஆண்டில் நெதர்லாந்துப் பகுதிகளில் கூட்டம் கூட்டமாகக் கோயில்களுக்குள் புகுந்து புனிதர்களின் சிலைகளையும் ஓவியங்களையும் உடைத்தார்கள். சிலுவை உருவமும் கத்தோலிக்கரின் அடையாளமாகவே அவர்கள் கண்ணுக்குப் பட்டது. சிலுவையும் கூடாது, மாதாவும் கூடாது, புனிதர்களும் கூடாது என்று ஆனபின் கல்லில் செதுக்குவதற்கு என்ன மிஞ்சும்? மண்டையோடு, எலும்பு, மணற்கடிகாரம், குடும்பச் சின்னம், பூக்கொடி, எழுத்து. உங்கள் மாணவர்கள் பார்த்தவை இவையே.

மறுமொழி: சாந்தோம்வாசி

பழங்கல் அவர்களின் விளக்கத்தோடு ஒரு வேறுபாட்டைச் சேர்க்க விரும்புகிறேன். மண்டையோடு எங்கே இருந்தாலும் ஒரே பொருள் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. கத்தோலிக்கக் கல்லறைகளிலும் சிலுவைகளிலும் சிலுவையின் அடியில் ஒரு மண்டையோடும் இரண்டு எலும்புகளும் இருப்பதுண்டு. அங்கே அது ஆதாமின் மண்டையோடு. இயேசு அறையப்பட்ட கொல்கொதா மலையைத் தமிழ் விவிலியம் கபாலஸ்தலம் என்று அழைப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆதாம் புதைக்கப்பட்டதும் அதே இடத்தில்தான் என்பது பழைய கிறிஸ்தவ மரபு. முதல் மனிதன் கொண்டுவந்த சாவின்மேல் சிலுவை நாட்டப்பட்டது என்பதே அந்தச் சிற்பத்தின் செய்தி. ஆகவே மண்டையோட்டுக்கு மேலே சிலுவை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மீட்பைப் பற்றிய பேச்சு. இல்லாமல் பக்கத்தில் மணற்கடிகாரம் இருந்தால் நிலையாமையைப் பற்றிய பேச்சு.

மறுமொழி: மறைபொருள்தேடி

இந்த விளக்கங்கள் மேலோட்டமானவை என்று எனக்குத் தோன்றுகிறது. மண்டையோடும் எலும்பும் மேசானியர்கள் (ஃப்ரீமேசன்கள்) என்ற சங்கத்தாரின் இரகசியச் சடங்குகளில் இடம்பெறும் சின்னங்கள் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். கம்பெனி அதிகாரிகளில் பலர் மேசானியர்களாக இருந்ததும் தெரிந்ததே. எனவே பழவேற்காட்டில் புதைக்கப்பட்டவர்கள் அந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் என்று கொள்வதில் என்ன தவறு?

மறுமொழி: பழங்கல்

நண்பருக்கு, இங்கும் ஆண்டுகளைப் பார்ப்போம். மேசானியர்களின் முதல் பெருங்கூடம் இலண்டனில் அமைந்தது 1717ஆம் ஆண்டில். பழவேற்காட்டின் பழைய கற்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியவை. மேசானியரின் கல்லறையை அடையாளம் காண உதவுவது மூலைமட்டமும் கவராயமும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த சின்னம். அது பெரும்பாலும் பிற்காலக் கற்களில் வரும். மண்டையோட்டை அவர்களும் எடுத்தாண்டார்கள் என்பது உண்மை. ஆனால் அன்றைய ஐரோப்பாவில் ஓவியர், துறவியர், அரசர், கொள்ளையர் என எல்லாருமே அதை எடுத்தாண்டார்கள். எல்லாரும் பயன்படுத்திய ஒரு சின்னத்தை வைத்து ஒரு சங்கத்தின் உறுப்பினரை அடையாளம் காண இயலாது. 

மறுமொழி: செங்கம் நடுகல்

நான் நடுகற்களைப் பார்த்துப் பழகியவன் என்பதால் வேறொரு பக்கத்திலிருந்து இதை அணுகுகிறேன். உள்ளூர்ப் பெரியவர் கடற்கொள்ளையர் என்று சொன்னது தவறாக இருக்கலாம். ஆனால் அவர் கல்லை அணுகிய முறை நம் மண்ணுக்கே உரியது. நம் நடுகல் மரபில் கல்லில் இருப்பவன் இறந்த வீரன். அவன் கையில் இருப்பது அவன் ஏந்திய ஆயுதம். அருகே ஆநிரை இருந்தால் அவன் ஆநிரை மீட்டுப் பட்டான் அல்லது கவரப்போய்ப் பட்டான் என்று பொருள்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பட்ட அந்தக் கல்லில் வீரனின் அருகே ஒரு நாய் நிற்கிறது. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் கருந்தேவகத்தி என்பவன் பட்டதையும், கோவிவன் என்ற பெயருடைய அவனது நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் கல்வெட்டு சொல்கிறது. அந்த நாய் விசுவாசத்தின் சின்னமன்று. பெயரும் செயலும் உடைய ஒரு குறிப்பிட்ட நாய். செங்கம் வட்டாரத்துக் கற்களில் வீரனின் காலருகே கெண்டியும் சிமிழும் இருக்கும். அவற்றுக்குக்கூட அவனுக்குப் படைக்கப்பட்டவை, அவன் சிறப்பைக் காட்டுபவை என்றுதான் பொருள் சொல்கிறோம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் வரிசைப்படுத்தும் ஆறும் அந்த ஒருவனைச் சுற்றியே அமைகின்றன.

இப்படிக் கல்லை இறந்தவனின் கதையாகவே படித்துப் பழகிய கண், டச்சுக் கல்லில் மண்டையோட்டைக் கண்டதும் "இவன் மண்டையோட்டோடு தொடர்புடைய தொழில் செய்தவன்" என்று முடிவு கட்டுவது இயல்பே. டச்சுக் கல்லில் இறந்தவரின் கதை எழுத்தில் இருக்கிறது; உருவமோ கல்லின் முன் நிற்பவரைப் பார்த்துப் பேசுகிறது. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்க ஒரு நடுகல் படத்தையும் ஒரு பழவேற்காட்டுக் கல்லின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: அலையாத்தி

அனைவருக்கும் நன்றி. நடுகல்லோடு ஒப்பிட்டுக் காட்டும் யோசனையை நிச்சயம் பயன்படுத்துவேன். என்னிடம் இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. தலைக்கவசம் செதுக்கப்பட்ட கற்கள் போர்வீரர்களுடையவையா? மேலும் சென்னைக் கோட்டையில் உள்ள புனித மேரி கோயிலுக்குத் தனியாகச் சென்றிருந்தபோது, உள்ளே சுவரில் பதித்த நினைவுச்சின்னங்களில் துணி போர்த்திய ஒரு தாழியைப் போன்ற உருவத்தைக் கண்டேன். அவர்கள் உடலை எரிப்பதில்லையே, பிறகு அஸ்திக் கலசம் எதற்கு? நங்கூரம் செதுக்கிய கல் மாலுமியுடையதுதான் என்று கொள்ளலாமா?

மறுமொழி: குலச்சின்னம்

தலைக்கவசத்தைப் பார்த்துப் போர்வீரர் என்று முடிவு செய்ய வேண்டாம். அது குடும்பச் சின்னத்தின் ஒரு பகுதி. முழுமையான குடும்பச் சின்னத்தில் நடுவே ஒரு கேடயம், அதன்மேல் தலைக்கவசம், கவசத்தின் உச்சியில் ஒரு சிறிய உருவம், இரண்டு பக்கமும் கிழிந்த துணி பறப்பதுபோலச் சுருள் சுருளான அணி ஆகியவை இருக்கும். அந்தச் சுருள்கள் உண்மையில் வீரனின் தலைக்கவசத்தை வெயிலிலிருந்து மறைத்த துணியைக் குறிப்பவை. பலரும் அவற்றை இறகு என்றோ இலை என்றோ எண்ணிவிடுகிறார்கள். செதுக்கியவர்களே சில நேரம் அப்படித்தான் எண்ணியிருக்கிறார்கள்.

நெதர்லாந்தில் குடும்பச் சின்னம் வைத்துக்கொள்வதற்குப் பிரபுவாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை. வணிகரும் கைவினைஞரும்கூட வைத்துக்கொள்ளலாம். ஊர்விட்டு ஊர் வந்து கம்பெனிப் பணியில் பொருள் சேர்த்த ஒருவர், தம் கல்லறையிலாவது பெரிய குடும்பத்தவராகத் தோன்ற விரும்பியதை இக்கற்களில் நேராகவே காணலாம். இரண்டு கேடயங்கள் அருகருகே இருந்தால் பெரும்பாலும் அவை கணவன், மனைவி இருவரின் குடும்பங்களுக்கு உரியவை. கேடயத்துக்குப் பதிலாகச் சாய்சதுர வடிவம் இருந்தால் அது ஒரு பெண்ணின் சின்னமாக இருக்க வாய்ப்பு மிகுதி. கேடயத்துக்குள் மீனோ சேவலோ மரமோ இருந்தால் அதற்கு ஆழ்ந்த தத்துவம் தேட வேண்டாம். குடும்பப் பெயரின் ஒலியையோ பொருளையோ படமாக வரைவது அங்கே பரவலான வழக்கம்.

எழுத்தையும் கொஞ்சம் படிக்கப் பழகினால் சின்னங்கள் இன்னும் தெளிவாகும். தொடக்கத்தில் "ஹியர் லெய்ட் பெக்ராவன்" என்று இருந்தால் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்று பொருள். பெயருக்குப் பின் "ஓப்பர்கோப்மன்" என்று வந்தால் அவர் கம்பெனியின் மூத்த வணிகர். "கோப்மன்" என்றால் வணிகர். "ஹாவுஸ்ஃப்ராவ்" என்ற சொல் மனைவியைக் குறிக்கும். "அவுட்" என்ற சொல்லை அடுத்து வரும் எண் வயது. இந்த நான்கைந்து சொற்களை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தால் உங்கள் மாணவர்களே கல்லுக்குக் கல் நின்று, இவர் வணிகர், இவர் வணிகரின் மனைவி, இது அவர்களுடைய குழந்தை என்று கண்டுபிடிப்பார்கள். அப்போது தலைக்கவசத்துக்குக் கீழே படுத்திருப்பவர் வாளைத் தொட்டவரா, கணக்கேட்டைத் தொட்டவரா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

மறுமொழி: பழங்கல்

தாழியைப் பற்றிய ஐயத்துக்கு என் விடை இது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியில் ஹெர்குலேனியம், பொம்பெய் ஆகிய புதையுண்ட நகரங்களின் அகழாய்வு தொடங்கியபின், கிரேக்க உரோமானியக் கலையின்மீது ஐரோப்பாவுக்கே பெரும் மோகம் ஏற்பட்டது. உரோமானியர்கள் உடலை எரித்துச் சாம்பலைக் கலசத்தில் வைத்தவர்கள். அந்தக் கலசத்தின் வடிவம் துக்கத்தின் வடிவமாகப் புதைப்பவர்களின் கல்லறைக்கும் வந்து சேர்ந்தது. உள்ளே சாம்பல் எதுவும் இல்லை, முழுக் கல்தான். மேலே போர்த்திய துணி இழவுத் திரையைக் குறிக்கும். அதே காலத்தில்தான் பாதியில் முறிந்த தூணும், தலைகீழாகப் பிடித்த தீப்பந்தமும் கல்லறைகளில் பரவின. முறிந்த தூண் பெரும்பாலும் இளமையில் முடிந்த வாழ்க்கையைச் சுட்டும். கவிழ்த்த தீப்பந்தம் அணைந்த உயிரைச் சுட்டும்.

இந்த மாற்றம் நம் கரையில் மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதிக் கல்லறைகளை ஜேம்ஸ் டீட்ஸ், எட்வின் டெத்லெஃப்சன் ஆகிய இருவர் 1960களில் ஆண்டு வாரியாக எண்ணிப் பார்த்து ஆராய்ந்தார்கள். அங்கே முதலில் சிறகு முளைத்த மண்டையோடு ஆட்சி செய்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அது மெல்ல மெல்லச் சிறகுள்ள குழந்தை முகத்துக்கு இடம் கொடுக்கிறது. அந்நூற்றாண்டின் முடிவில் தாழியும் கிளைகள் தொங்கும் வில்லோ மரமும் வந்துவிடுகின்றன. சாவைக் கண்டு நடுங்கச் சொன்ன சமயச் சிந்தனை தளர்ந்து, உயிர் விண்ணேகும் என்ற ஆறுதல் வளர்ந்து, இறுதியில் பிரிந்தவரை நினைத்து உருகும் உணர்வு மேலோங்கியதை அந்த வரிசை காட்டுவதாக அவர்கள் விளக்கினார்கள். பழவேற்காட்டின் எலும்புக்கூடுகளிலிருந்து புனித மேரி கோயிலின் தாழிக்கு நீங்கள் போனதும் ஏறத்தாழ அதே பாதைதான்.

நங்கூரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில் நம்பிக்கையானது ஆத்துமாவின் நங்கூரமாகச் சொல்லப்படுகிறது. அதனால் கடலையே பார்க்காத ஒரு மூதாட்டியின் கல்லிலும் நங்கூரம் இருக்கலாம். கீழே உள்ள எழுத்து அவர் கப்பல் தலைவர் என்று சொன்னால் இரண்டு பொருளையும் கொள்ளலாம். சொல்லாவிட்டால் நம்பிக்கை என்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

புனித மேரி கோயிலைப் பற்றி மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கோயிலைச் சுற்றித் தரையில் பாவியிருக்கும் கற்களின் கீழே அந்தக் கற்களுக்கு உரியவர்கள் இல்லை. 2018 வரை சட்டக் கல்லூரி இயங்கிய வளாகம் இருக்கும் இடத்தில்தான் அவர்கள் புதைக்கப்பட்ட பழைய இடுகாடு இருந்தது. 1758, 1759ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, அவனுடைய படைகளுக்கு அங்கிருந்த கல்லறைக் கட்டடங்கள் மறைவிடமாகப் பயன்பட்டன. அதனால் முற்றுகைக்குப் பின் அவற்றை இடித்துவிட்டுப் பெயர் பொறித்த கற்களைக் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். 1652இல் இறந்த எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் கல்லும் அங்கே இருக்கிறது. ஒரு கல்லின் பக்கத்தில் எந்தக் கல் இருக்கிறது என்பதை வைத்து உறவுமுறை ஊகிப்பது அங்கே பொருந்தாது.

மறுமொழி: உளியோசை

எங்கள் குடும்பம் தலைமுறைகளாகக் கல் வேலை செய்யும் குடும்பம். இந்த உரையாடலில் சின்னங்களின் பொருளை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். செதுக்கிய கையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

இந்தக் கற்களை ஹாலந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று பழவேற்காட்டுக்கு வருபவர்களிடம் சொல்லப்படுவதை நானும் கேட்டிருக்கிறேன். நடந்தது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. சோழமண்டலக் கரையின் கருங்கல்லில் செதுக்கிய கல்லறைப் பலகைகள் இங்கிருந்துதான் கம்பெனிக் கப்பல்களில் ஏறிப் படாவியாவுக்குப் போயின. இன்றைய ஜகார்த்தாவில் தாமன் பிரசாஸ்தி என்ற பழைய இடுகாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் டச்சுக் கற்களில் பலவும் அப்படிப் போனவையே. சென்னைக் கல் வடக்கேயும் போயிருக்கிறது. கல்கத்தாவில் 1693இல் இறந்த ஆங்கிலக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் கிடைக்கும் வகையைச் சேர்ந்தது. அந்தக் கல்லறையை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் அந்தப் பாறை வகைக்கே சார்னகைட் என்று பெயர் சூட்டினார். உலகமெங்கும் நிலவியல் படிக்கும் பிள்ளைகள் ஒரு கல்லறையின் பெயரால் பல்லாவரத்துக் கல்லைப் படிக்கிறார்கள்.

நீங்கள் அடுத்த முறை போகும்போது எழுத்துகளைக் கூர்ந்து பாருங்கள். பல கற்களில் எழுத்து உள்ளே வெட்டப்படவில்லை, புடைத்து நிற்கும். உள்ளே வெட்டுவது எளிது. எழுத்தை நிறுத்திவிட்டுச் சுற்றியுள்ள தளம் முழுவதையும் ஒரே ஆழத்துக்குப் பொளிந்து எடுப்பது அதைப் போலப் பல மடங்கு உழைப்பு. ஓர் எழுத்தின் முனை தெறித்துப்போனால் ஒட்ட வைக்க வழியில்லை. சார்னகைட் போன்ற கடினமான கல்லில் இரும்பு உளியை அடிக்கடி தீட்டிக்கொண்டு இப்படி ஒரு பலகை முழுவதும் வேலை செய்தவர்கள் யாராக இருக்க முடியும்? கோயில் தூணிலும் அதிட்டானம் என்ற அடிப்பீடத்திலும் புடைப்பு வேலை பழகியவர்கள்தான். தாளில் வரைந்து தரப்பட்ட எழுத்தைக் காவியால் கல்லில் வரைந்துகொண்டு, படிக்கத் தெரியாத மொழியில் இத்தனை பிழையற்ற வேலையைச் செய்திருக்கிறார்கள்.

பலகையின் ஓரச் சட்டத்தைப் பார்த்தால் எனக்கு ஐயமே எழுவதில்லை. குலச்சின்னம் அவர்கள் மேலே குறிப்பிட்ட துணிச் சுருள், எங்கள் கைக்குக் கொடிக்கருக்காகத்தான் வரும். வளைந்து போகும் தண்டு, ஒவ்வொரு வளைவிலும் உள்நோக்கிச் சுருளும் இலை, நடுவில் ஒரு பூ என்று விசயநகர, நாயக்கர் காலத்துத் தூண்களில் ஓடும் அதே கொடி. மண்டையோடு ஐரோப்பியருடையது, அதைச் சுற்றி ஓடும் கொடி நம்முடையது. அந்தச் சிற்பிகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. மாணவர்களிடம் இறந்தவரின் பெயரைப் படித்துக் காட்டும்போது, செதுக்கியவர் இந்த ஊர்ப்பக்கத்துக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அம்மா.

மறுமொழி: அலையாத்தி

உளியோசை ஐயா அவர்களுக்கு மிகுந்த நன்றி. எழுத்து புடைத்து நிற்பதைப் பார்த்திருந்தும் அதன் பின்னால் இருந்த உழைப்பை எண்ணிப் பார்த்ததில்லை. மாணவர்கள் கற்களைப் படி எடுக்க விரும்புகிறார்கள். தேய்ந்த எழுத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்தால் தெளிவாகத் தெரியும் என்று ஒருவர் சொன்னார். அப்படிச் செய்யலாமா?

மறுமொழி: செங்கம் நடுகல்

தயவுசெய்து சுண்ணக்கட்டி வேண்டாம். அதன் துகள் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும்; அதைப் போக்க அடுத்து வருபவர் கம்பித் தூரிகையால் தேய்ப்பார்; அதோடு எழுத்தும் போகும். எண்ணெய் தடவுவதும், மாவு தூவுவதும், பெயிண்ட் பூசுவதும் அதே அளவு கேடு. மேலும் பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கே கல்லில் தாளை ஒட்டி மைப்படி எடுக்கக்கூடத் துறையின் அனுமதி வேண்டும்.

நாங்கள் நடுகற்களில் பின்பற்றும் வழி எளியது. காலை 7 மணிக்குள்ளோ, மாலை 5 மணிக்குப் பிறகோ போங்கள். வெயில் சாய்வாக விழும்போது, உச்சிப்பொழுதில் மழுங்கலாகத் தெரிந்த கோடுகூட நிழல் விழுந்து எழுந்து நிற்கும். அந்த நேரம் வாய்க்காவிட்டால் கல்லின் மேல் குடையைப் பிடித்து நேர்வெயிலை மறைத்துவிட்டு, ஓர் ஆளுயரக் கண்ணாடியால் ஒரு பக்கத்திலிருந்து ஒளியைத் தரைமட்டமாகப் பாய்ச்சச் சொல்லுங்கள். கைப்பேசியிலேயே படம் எடுக்கலாம். ஒளி இடமிருந்து வரும்படி ஒன்று, வலமிருந்து வரும்படி ஒன்று, தலைமாட்டிலிருந்து ஒன்று என்று ஒரே கல்லுக்கு மூன்று படங்களாவது எடுங்கள். ஒரு படத்தில் மறைந்த எழுத்து இன்னொன்றில் தெரியும். கிடைக்கும் வாசகத்தைத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1897இல் வெளியிட்ட சென்னை மாகாண டச்சு நினைவுச்சின்னங்கள் பற்றிய நூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் காலத்தில் இருந்து இப்போது தேய்ந்துபோன வரிகளை மாணவர்கள் குறித்து வைத்தால், அந்தப் பட்டியல் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிப்பவர்களுக்கும் பயன்படும். படங்களை இங்கே பதிவிட்டால் வாசிக்க உதவ நாங்கள் இருக்கிறோம்.